ஆள்வது யாருக்காக, கணக்கு யாரிடம்? பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஏதென்ஸ்

ஏரிக்கரை எழுதியது:

பிளேட்டோவின் "குடியரசு" என்றாலே குகை உவமையும் தத்துவ அரசனும்தான் முதலில் பேச்சுக்கு வருகின்றன. என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த நூலின் முதல் பகுதி. ஆட்சி யாருக்காக என்ற கேள்வியை இவ்வளவு நேரடியாகக் கேட்ட பழைய நூல் வேறு ஒன்றை நான் படித்ததில்லை.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில், கெஃபாலஸ் என்ற செல்வந்த முதியவரின் மகன் பொலெமார்க்கஸின் வீட்டில் உரையாடல் நடக்கிறது. நீதி என்றால் என்ன? உண்மை பேசுவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்கிறார் முதியவர். நண்பருக்கு நன்மையும் பகைவருக்குத் தீமையும் செய்வது என்கிறார் அவர் மகன் பொலெமார்க்கஸ். தீமை செய்தால் அந்த மனிதன் இன்னும் மோசமானவனாகத்தான் ஆவான், ஒருவரை மோசமாக்குவது எப்படி நீதிமானின் வேலையாகும் என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அப்போதுதான் பேச்சுக்கலை ஆசிரியரான திராசிமாக்கஸ் பொறுமை இழந்து குறுக்கே பாய்கிறார். நீதி என்பது வலியவனின் ஆதாயம், அவ்வளவுதான் என்கிறார். மக்களாட்சி தனக்கு வசதியான சட்டம் போடுகிறது, கொடுங்கோலன் தனக்கு வசதியான சட்டம் போடுகிறான், கீழ்ப்படிகிறவர்களைப் பார்த்து இதுதான் நீதி என்கிறார்கள் என்பது அவர் வாதம்.

சாக்ரடீஸ் மருத்துவரையும் மாலுமியையும் காட்டுகிறார். மருத்துவம் மருத்துவரின் நலனுக்காக இல்லை, நோயாளியின் நலனுக்காக. ஆட்சியும் அப்படித்தான், ஆளப்படுகிறவருக்காக. திராசிமாக்கஸ் விடவில்லை. மேய்ப்பன் ஆடுகளைக் கொழுக்க வைப்பது ஆடுகளின் நலனுக்காகவா என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஊர்ப் பணத்தில் வாழ்கிற எல்லா ஆட்சிக்கும் அது பொருந்தும்.

சாக்ரடீஸின் பதில் இரண்டு படிகளாக வருகிறது. கூலி வாங்குவது தனிக் கலை, மேய்ப்பது தனிக் கலை, இரண்டையும் குழப்பக் கூடாது. அப்புறம், நல்லவர்கள் பணத்துக்காகவோ பெருமைக்காகவோ ஆட்சிக்கு வர மாட்டார்கள், அவர்களை வரவைப்பது ஒரு தண்டனை குறித்த அச்சம். தான் ஆள மறுத்தால் தன்னைவிடத் தாழ்ந்த ஒருவன் தன்னை ஆள்வான் என்பதே அந்தத் தண்டனை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "ஆட்சி யாருக்காக" என்ற கேள்விக்கு பிளேட்டோ கொடுத்த பதிலை யாரும் அசைக்க முடியாது. ஆனால் ஆள்பவர் அந்தக் கடமையைச் செய்யாவிட்டால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்வியை "குடியரசு" முழுவதும் வளர்ப்பு முறையிடமே விட்டுவிடுகிறார். அவர் வாழ்ந்த ஊரிலேயே அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


மாலைவாசிப்பு எழுதியது:

ஏரிக்கரை ஐயா, வளர்ப்பிடம் மட்டும் விட்டுவிட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாம் பகுதியின் முடிவைப் பாருங்கள். காவலர்கள், அதாவது அவர் கற்பனை செய்யும் நகரத்தைக் காத்து ஆளும் பிரிவினர், அத்தியாவசியத்துக்கு மேல் சொந்தச் சொத்து வைத்திருக்கக் கூடாது. யாரும் விரும்பியபோது நுழைய முடியாத வீடோ கிடங்கோ அவர்களுக்கு இருக்கக் கூடாது. குடிமக்கள் தரும் ஊதியம் ஓர் ஆண்டுக்குச் சரியாக இருக்க வேண்டும், மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து சாப்பிட வேண்டும். பொன்னையும் வெள்ளியையும் தொடக்கூட அனுமதி இல்லை. நிலமும் வீடும் பணமும் சேர்ந்துவிட்டால் காவலர்கள் குடிமக்களுக்குத் துணையாக இருக்க மாட்டார்கள், பகைவராகவும் எஜமானராகவும் மாறிவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்.

நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? திருட வாய்ப்பைக் கொடுத்துவிட்டுத் திருடினானா என்று பார்க்கிறோம். அவர் வாய்ப்பையே எடுத்துவிடுகிறார். திராசிமாக்கஸின் மேய்ப்பனுக்கு இதைவிட உறுதியான பதில் கிடையாது. இந்த மேய்ப்பனால் கம்பளியையும் விற்க முடியாது, இறைச்சியையும் தின்ன முடியாது.

அடுத்த பகுதி தொடங்கியதுமே, உரையாடலில் பங்கெடுக்கும் அடெய்மாண்டஸ் இதைத்தான் எதிர்க்கிறார். ஊரே இவர்களுடையது, ஆனால் ஊரால் இவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லையே, கூலிக்குக் காவல் நிற்கும் படை போல உட்கார்ந்திருக்கிறார்களே என்று கேட்கிறார். ஒரு பிரிவை மட்டும் மகிழ்ச்சியில் வைப்பது நம் நோக்கம் இல்லை, நகரம் முழுவதும் நன்றாக இருப்பதே நோக்கம் என்கிறார் சாக்ரடீஸ். ஆள்பவரின் கடமையை இதைவிடக் கடுமையாக வகுத்த ஒருவரைக் காட்டுங்கள்.


காவிரிப்பெண் எழுதியது:

நான் கல்லூரியில் தத்துவம் படிக்கிறேன். ஒரு சந்தேகம், அண்ணா. சொத்தும் இல்லை, குடும்பமும் இல்லை என்றால் யார் அந்த வேலைக்கு வருவார்கள்? கட்டாயப்படுத்துவது மட்டும் நீதியாகுமா?


மாலைவாசிப்பு எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. இதையே ஏழாம் பகுதியில், உரையாடலில் பங்கெடுக்கும் கிளாக்கோன் கேட்கிறார். குகை உவமையில், நிழல்களை மட்டும் பார்த்துக் கிடந்த குகையை விட்டு வெளியேறி வெளிச்சத்தைப் பார்த்தவனை, அதாவது தத்துவவாதியை, மறுபடி உள்ளே போகச் சொல்வது அவனுக்கு அநீதி இல்லையா, இதைவிட நல்ல வாழ்க்கை அவனுக்குக் கிடைக்கும்போது ஏன் தாழ்ந்த வாழ்க்கையைத் திணிக்க வேண்டும் என்கிறார். சாக்ரடீஸ் கடன் கணக்கைக் காட்டுகிறார். வேறு ஊரில் தானாக முளைத்த தத்துவவாதிக்கு அந்த ஊரிடம் கடன் இல்லை. உங்களை இந்த நகரம் வளர்த்தது, படிக்க வைத்தது, அதனால் உங்கள் முறை வரும்போது இறங்கி வாருங்கள். கெஃபாலஸ் சொன்னாரே, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்று. அந்தப் பழைய வரையறை இங்கே வேறு உயரத்தில் திரும்ப வருவதாகவே நான் படிக்கிறேன்.

வயதையும் கவனி. கணிதம், பிறகு தர்க்கம், அப்புறம் 15 ஆண்டுகள் நிர்வாகப் பணி, இவையெல்லாம் முடிந்து 50 வயதில்தான் உச்சப் பொறுப்பு. அதுவும் முறை வைத்து. ஆள்வதற்கு மிகக் குறைவாக ஆசைப்படுகிறவர்கள் ஆளும் நகரம்தான் சண்டையின்றி நன்றாக நடக்கும் என்கிறார்.


கல்வெட்டு எழுதியது:

இந்த உரையாடல் நடப்பதாகச் சொல்லப்படும் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிளேட்டோவின் முதல் வாசகர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

கெஃபாலஸ் ஏதென்ஸின் குடிமகன் இல்லை. சிராகூசிலிருந்து பெரிக்ளீஸ் அழைத்து வந்து குடியேறியவர். கேடயம் செய்யும் பட்டறை நடத்திய குடும்பம். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. புதிய சட்டங்களை எழுதுவதற்கென்று 30 பேர் அமர்த்தப்பட்டார்கள். சட்டம் எழுதுவதைத் தள்ளிப் போட்டுவிட்டு ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க் குடியேறிகளில் பணம் உள்ளவர்களைக் குறிவைத்தார்கள். பொலெமார்க்கஸைத் தெருவில் பிடித்துப் போய், குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் நஞ்சு குடிக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் தம்பி லிசியாஸ் தப்பி ஓடினார். 700 கேடயங்களும் 120 அடிமைகளும் பறிபோனதாகவும், அண்ணன் மனைவியின் காதிலிருந்த பொன் தோடுகளைக்கூட ஒருவன் கழற்றிக்கொண்டு போனதாகவும் அவரே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் 1,500 பேருக்குக் குறையாது என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் "ஏதென்ஸ் மக்களின் ஆட்சியமைப்பு".

அந்த முப்பதின்மரின் தலைவர்களில் ஒருவரான கிரிட்டியாஸ் பிளேட்டோவின் தாய்வழி உறவினர். தாய்மாமன் கார்மிடீஸும் அந்த ஆட்சியில் பதவி வகித்தவர். பகைவருக்குத் தீமை செய்வதே நீதி என்று பொலெமார்க்கஸ் வாயால் சொல்ல வைத்து, அதைச் சாக்ரடீஸ் வாயால் மறுக்க வைத்தவர், அந்தக் கொலையைச் செய்தவர்களின் வீட்டுப் பிள்ளை. இது தெரிந்த பிறகு முதல் பகுதியை வெறும் தர்க்கப் பயிற்சியாக என்னால் படிக்க முடியவில்லை.

மேய்ப்பன் விஷயத்துக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. முப்பதின்மர் கொலை செய்துகொண்டிருந்த நாட்களில் சாக்ரடீஸ் ஒரு பேச்சுப் பேசியதாக அவரோடு பழகிய எழுத்தாளர் செனோஃபோன் எழுதுகிறார். மாடு மேய்க்கிறவன் மந்தையைக் குறைத்து, இருப்பவற்றையும் மெலிய வைத்துவிட்டு, தான் மோசமான மேய்ப்பன் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் அது வியப்பு. நகரத்தின் தலைவன் குடிமக்களைக் குறைத்துவிட்டு வெட்கப்படாமல் இருந்தால் அதைவிட வியப்பு. இது காதுக்கு எட்டியதும் கிரிட்டியாஸும் முப்பதின்மரில் இன்னொருவரான சாரிக்ளீஸும் அவரைக் கூப்பிட்டு, இளைஞர்களோடு பேசக் கூடாது என்று தடை போட்டார்கள். மாடுகளைப் பற்றிய பேச்சையும் விட்டுவிடு, இல்லையென்றால் மந்தையில் இன்னொன்று குறையும் என்று சாரிக்ளீஸ் மிரட்டியிருக்கிறார்.

பிறகு சலாமிஸைச் சேர்ந்த லியோனைக் கொல்வதற்காகப் பிடித்து வரும்படி சாக்ரடீஸுக்கும் வேறு நால்வருக்கும் கட்டளை வந்தது. மற்ற நால்வரும் போனார்கள், அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.


ஏரிக்கரை எழுதியது:

கல்வெட்டு, நன்றி. ஏதென்ஸில் இருந்த ஏற்பாடு என்று நான் குறிப்பிட்டதை இந்த வரலாற்றோடு சேர்த்தே சொல்ல முடியும்.

ஏதென்ஸில் பதவியில் இருந்தவர் ஆண்டு முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சீட்டுக் குலுக்கலில் எடுக்கப்பட்ட 10 கணக்காளர்கள் பார்ப்பார்கள், பிறகு அது நீதிமன்றத்துக்குப் போகும். பணத்தைக் கையாடியதாகவோ லஞ்சம் வாங்கியதாகவோ தீர்ப்பானால் 10 மடங்கு கட்ட வேண்டும். அதோடு முடியாது. பண விவகாரம் தவிர வேறு குறை இருந்தாலும் எந்தக் குடிமகனும் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வோர் இனக்குழுவின் நாயகர் சிலை அருகிலும் அதற்கென்று ஓர் அதிகாரி சந்தை நேரத்தில் உட்கார்ந்திருப்பார். வெள்ளையடித்த பலகையில் தன் பெயர், எதிராளி பெயர், செய்த தவறு, கேட்கும் தண்டனை ஆகியவற்றை எழுதி நீட்டினால் போதும். கணக்குத் தீராதவர் நாட்டை விட்டுப் போக முடியாது, உயில் எழுத முடியாது, சொத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்கவும் முடியாது என்று ஏதென்ஸின் பேச்சாளர் எஸ்கினீஸ் தன் உரையில் விவரிக்கிறார். தப்பிக்கும் வழி ஒவ்வொன்றையும் யோசித்து அடைத்திருக்கிறார்கள்.

முப்பதின்மர் வீழ்ந்த பிறகு, கி.மு. 403இல் பொதுமன்னிப்பு உடன்பாடு ஏற்பட்டது. அதிலிருந்து அந்த 30 பேரும் அவர்களின் முக்கியக் கருவிகளாக இருந்த சிலரும் விலக்கப்பட்டார்கள். ஆனால் ஒரு வழி திறந்து வைக்கப்பட்டது: அவர்களும் முறைப்படி கணக்கு ஒப்படைத்துத் தேறினால் மன்னிப்புக்கு உரியவர்கள். கொடுங்கோலனுக்கும் கூட, பழிவாங்கல் வேண்டாம், வந்து நின்று பதில் சொல் என்றார்கள். பொலெமார்க்கஸைக் கைது செய்த எரட்டோஸ்தெனீஸ் ஊரிலேயே தங்கினார். அப்படி ஒரு கணக்கு விசாரணையில்தான் லிசியாஸ் அவருக்கு எதிராகப் பேசியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பயத்தால் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்று எரட்டோஸ்தெனீஸ் சொல்ல, கட்டளை போட்டதே நீங்கள் 30 பேர்தானே, பிறகு யாருக்குப் பயந்தீர்கள் என்ற பொருளில் லிசியாஸ் மடக்குகிறார்.

இந்த ஒரு குறுக்கு விசாரணையை நான் "குடியரசு" நூலின் பயிற்சித் திட்டம் முழுவதற்கும் எதிரே வைப்பேன். ஆள்பவரின் ஆன்மா எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. அவர் என்ன செய்தார் என்று கேட்க முடியும்.


மாலைவாசிப்பு எழுதியது:

ஐயா, அதே கேள்வி கேட்கும் கூட்டம்தான் கி.மு. 399இல் சாக்ரடீஸைக் கொன்றது. அதற்கு முன்பே கி.மு. 406இல் அர்ஜினூசே கடற்போரில் வென்று வந்த தளபதிகளுக்கு என்ன நடந்தது? புயலில் சிக்கிய மாலுமிகளைக் காப்பாற்றவில்லை என்று குற்றம் சாட்டினார்கள். ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும் என்ற முறையை மீறி, எட்டுப் பேருக்கும் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை. ஊரில் இருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். பெரிக்ளீஸின் மகனும் அதில் ஒருவர். அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் மட்டும் இது சட்டவிரோதம் என்று கடைசி வரை மறுத்தார். பின்னால் ஏதென்ஸ் மக்களே வருந்தி, தங்களை ஏமாற்றியதாகச் சிலர் மேல் வழக்குப் போட்டார்கள். தளபதிகள் திரும்பி வரவில்லை.

தளபதியிடம் கணக்குக் கேட்கலாம், சரி. வாக்களித்த ஆயிரக்கணக்கானவர்களிடம் யார் கணக்குக் கேட்பது? பிளேட்டோ ஊரைக் கப்பலாக வரைந்து, மாலுமிகள் எல்லோரும் சுக்கானுக்காக அடித்துக்கொள்ள, உண்மையான வழிகாட்டியை வானம் பார்ப்பவன் என்று ஒதுக்குவதாக எழுதுகிறாரே, அதை எழுத அவருக்குக் காரணம் இருந்தது. கேள்வி கேட்கும் முறை இருந்தால் மட்டும் போதாது. கேட்பவருக்கு நீதி தெரிந்திருக்க வேண்டும்.


தென்னங்கீற்று எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதை அரிஸ்டாட்டில் நேரடியாகவே எடுத்துப் பேசியிருக்கிறார். அவரை இன்னும் யாரும் உள்ளே கொண்டுவரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

"அரசியல்" நூலின் மூன்றாம் பகுதியில் அவர் வைக்கும் அளவுகோல் ஆள்பவர் எத்தனை பேர் என்பது இல்லை. ஒருவரோ சிலரோ பலரோ, பொது நலனுக்காக ஆண்டால் அது சரியான ஆட்சி. ஆள்பவரின் சொந்த நலனுக்காக ஆண்டால் அது திரிந்த ஆட்சி. அப்புறம் மாலைவாசிப்பு கேட்ட கேள்விக்கு வருகிறார். மருத்துவரை மருத்துவர்தான் மதிப்பிட முடியும் என்றால் ஆட்சியாளரையும் வல்லுநர்தானே மதிப்பிட வேண்டும்? சில கலைகளில் செய்தவன் மட்டுமே நீதிபதி இல்லை என்கிறார் அரிஸ்டாட்டில். வீட்டைக் கட்டியவனைவிட அதில் குடியிருப்பவனுக்கு அதன் குறை நன்றாகத் தெரியும். சுக்கானைத் தச்சனைவிடக் கப்பலோட்டி நன்றாக மதிப்பிடுவான். விருந்தைச் சமைத்தவனைவிட விருந்தாளி. ஆகவே பொதுமக்களைத் தனித்தனியாக உயர்ந்த பதவிகளில் உட்கார வைக்கத் தயங்கினாலும், தேர்ந்தெடுப்பதையும் கணக்குக் கேட்பதையும் அவர்களிடம் கொடுக்கலாம் என்ற வாதத்தை அவர் மதிப்போடு நடத்துகிறார். சாக்ரடீஸ் எடுத்த அதே மருத்துவர், மாலுமி உதாரணங்களை வைத்தே இந்தத் திருப்பத்தைச் செய்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

அடெய்மாண்டஸின் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. பகுதிகள் எல்லாம், அல்லது பெரும்பாலானவை, மகிழ்ச்சியாக இல்லாதபோது முழு நகரம் மட்டும் எப்படி மகிழ்ச்சியாக இருக்கும் என்று கேட்கிறார். காவலருக்கே மகிழ்ச்சி இல்லை என்றால் வேறு யாருக்கு? எப்போதும் அதே ஆட்கள் ஆள்வது கலகத்துக்கு வழி என்றும் எச்சரிக்கிறார்.

ஆள்பவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதில்தான் அவர் பிளேட்டோவைவிட மனிதரை நன்றாகப் புரிந்தவர் என்று நினைக்கிறேன். நீதி என்பது பிறருக்குப் போய்ச் சேரும் நன்மை என்று திராசிமாக்கஸ் ஏளனமாகச் சொன்னார் அல்லவா? "நிக்கோமக்கிய அறவியல்" ஐந்தாம் பகுதியில் அரிஸ்டாட்டில் அதையே ஏற்றுக்கொள்கிறார். ஆமாம், ஆள்பவன் பிறருக்காகத்தான் உழைக்கிறான், தனக்கு உரியதற்கு மேல் எடுப்பதில்லை, அதனாலேயே அவனுக்கு மதிப்பும் சிறப்பும் கைம்மாறாகக் கொடுக்க வேண்டும். அது போதாது என்று நினைக்கிறவன்தான் கொடுங்கோலன் ஆகிறான். மரியாதை கிடைக்கும், பணம் கிடைக்காது.

பணம் கிடைக்காமல் இருப்பதற்கு "அரசியல்" ஐந்தாம் பகுதியில் வழி சொல்கிறார். பதவியால் லாபம் பார்க்க முடியாதபடி சட்டமும் நிர்வாகமும் அமைய வேண்டும், எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்கிறார். பொதுப் பணத்தை ஒப்படைப்பது குடிமக்கள் எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும், கணக்கின் படிகளைப் பல்வேறு குடிக்குழுக்களிலும் படைப்பிரிவுகளிலும் வைத்திருக்க வேண்டும். பதவியில் இருப்பவரிடம் பணம் தங்காது என்று தெரிந்தால் ஏழைகள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், ஆட்சியில் இல்லாதது அவர்களுக்குக் குறையாகத் தெரியாது என்பது அவர் கணிப்பு. அந்தக் கடைசிப் பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்சியில் பங்கு கேட்பது பணத்துக்காக மட்டும் இல்லை.


காவிரிப்பெண் எழுதியது:

நீங்கள் எல்லோரும் "ஆளப்படுகிறவர்" என்று எழுதும்போது ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கல்வெட்டு அண்ணா எழுதிய அந்த 120 அடிமைகளின் நலன் யாருடைய கடமை? லிசியாஸ் அவர்களைக் கேடயங்களோடு சேர்த்துப் பறிபோன சொத்தாகத்தான் எண்ணுகிறார். வெள்ளைப் பலகையில் குற்றச்சாட்டு எழுதும் உரிமை குடிமகனுக்கு மட்டும்தானே? பெண்களுக்கு?


கல்வெட்டு எழுதியது:

பெண்களுக்கு இல்லை, அடிமைகளுக்கும் இல்லை. அரிஸ்டாட்டில் இதைக் கவனிக்காமல் விட்டவரும் இல்லை. இயல்பிலேயே அடிமைகள் உண்டு என்று வாதிடுகிறார். அடிமைத்தனம் இயற்கைக்கு மாறானது, வெறும் வன்முறை என்று சொன்னவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள் என்பது அவர் எழுத்திலிருந்தே நமக்குத் தெரிகிறது. அந்தக் குரலைக் கேட்ட பிறகும் அவர் மறுபக்கம் நின்றார். அந்த வாதம் தவறு, அவர் காலத்தைக் காட்டி அதற்குச் சலுகை தர நான் தயாராக இல்லை. பொது நலன் என்ற அளவுகோலை அவ்வளவு தெளிவாகக் கொடுத்தவர், அந்தப் பொதுவில் யாரெல்லாம் அடங்குவார்கள் என்பதைச் சுருக்கிவிட்டார்.

பெண்கள் விஷயத்தில் பிளேட்டோ வெகுதூரம் முன்னால் நிற்கிறார். "குடியரசு" ஐந்தாம் பகுதியில், நகரத்தை நடத்தும் வேலைகளில் பெண்ணுக்கு மட்டும், ஆணுக்கு மட்டும் என்று எதுவும் இல்லை, தகுதியுள்ள பெண்களுக்கும் அதே கல்வி, அதே காவல் பணி என்கிறார். ஏழாம் பகுதி முடிவில் ஆட்சியாளர் என்று நான் சொன்னது பெண்களையும் சேர்த்துத்தான் என்று சாக்ரடீஸ் நினைவூட்டுகிறார். ஏதென்ஸின் மக்களவைக்கு அது எட்டவே இல்லை.


ஏரிக்கரை எழுதியது:

கல்வெட்டு சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மாலைவாசிப்பு கேட்டதற்கு என் பதில் இது: கூட்டம் தவறு செய்தது என்பதால் கேள்வி கேட்பதைக் கைவிட பிளேட்டோவே சம்மதிக்கவில்லை. முதுமையில் அவர் எழுதிய "சட்டங்கள்" நூலைப் பாருங்கள். எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முழு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆணவமும் அநீதியும் நிரம்பாமல் இருக்க எந்த மனித இயல்பாலும் முடியாது என்று நான்காம் பகுதியில் எழுதுகிறார். ஆட்சியாளர்களைச் சட்டத்தின் பணியாளர்கள் என்றே அழைக்கிறார். பன்னிரண்டாம் பகுதியில் ஏதென்ஸின் கணக்கு விசாரணையை எடுத்து இன்னும் இறுக்குகிறார். தணிக்கையாளர்கள் 50 வயதுக்குக் குறையாதவர்கள், 75 வரை பணி. வாழும் நாளில் இலை முடியும் முன் வரிசை இருக்கையும், இறந்த பின் தனிச் சிறப்பு அடக்கமும். அதே தணிக்கையாளர் கெட்டுப்போனால் எந்தக் குடிமகனும் அவர் மேல் வழக்குத் தொடுக்கலாம். வழக்குப் போட்டவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காவிட்டால் அவர் தண்டம் கட்ட வேண்டும். அர்ஜினூசேயைப் பார்த்தவர் எழுதிய விதி இது. கேட்பவரையும் பொறுப்பாக்குகிறார்.


மாலைவாசிப்பு எழுதியது:

அதே பன்னிரண்டாம் பகுதியின் கடைசிப் பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள், ஐயா. அங்கே இன்னொரு அவை வருகிறது. நாள்தோறும் விடியலில் தொடங்கி சூரியன் ஏறும் வரை கூடும் அவை. நகரத்தின் குறிக்கோள் என்ன, அதை எப்படி அடைவது என்று அறிந்தவர்கள், "குடியரசு" கேட்ட அதே கடினமான கல்வியை முடித்தவர்கள் அதில் இருக்க வேண்டும். நகரத்தையே அதன் கையில் ஒப்படைக்கலாம் என்ற அளவுக்குப் போகிறார். அவ்வளவு விதிகள் எழுதியவர், அந்த அவையின் அதிகாரம் எவ்வளவு என்பதை மட்டும் இப்போதே சட்டமாக்க முடியாது, அவை அமைந்த பிறகுதான் அதை முடிவு செய்ய வேண்டும் என்று நிறுத்திக்கொள்கிறார். தணிக்கையும் வேண்டும், அறிந்தவர்களும் வேண்டும் என்று கடைசி வரை இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதே என் வாசிப்பு. காவிரிப்பெண், தேர்வுக்கு முதல் பகுதியும் ஏழாம் பகுதியும் போதும் என்று சொல்வார்கள். இந்தப் பக்கங்களையும் படித்துவிட்டு வந்து எழுது, அந்த அவைக்குக் கடிவாளம் இருக்கிறதா என்று பார்ப்போம்.